காலடி மண் யாருடைய ரகசியம்?

தியாகராய நகரில், பனகல் பூங்காவிலிருந்து கூப்பிடு தூரத்தில் ஒரு மனை. ஏழு கிரவுண்டு. பழைய பங்களாவின் முன்பாதியை இடித்திருந்தார்கள். பின்பாதியில் சமையலறையும் ஒரு மாமரமும் மட்டும் மிச்சம். அந்த இடத்தில் மூன்றடுக்கு பேஸ்மென்ட்டோடு வணிக வளாகம் வரப்போகிறது என்று சொல்லி, மண் பரிசோதனைக்கு என்னை அழைத்திருந்தார்கள். 2011 மே மாதம். காலை ஆறரை மணிக்கே வெயில் ஏறிவிட்டது.

மண் பரிசோதனை என்றதும் ஆய்வகமும் கண்ணாடிக் குடுவையும் பலர் நினைவுக்கு வரும். முக்கால்வாசி வேலை வெயிலிலும் சேற்றிலும்தான் நடக்கிறது. மூன்று இரும்புக் கால்களை முக்காலி போல நிறுத்தி, உச்சியில் கப்பி மாட்டி, அதன் வழியே கயிறு விடுவோம். கயிற்றின் நுனியில் 63.5 கிலோ எடையுள்ள சுத்தி. துளைக்குள் இறக்கிய குழாயின் தலையில் அந்தச் சுத்தியை 75 செ.மீ. உயரத்திலிருந்து விழவிட்டு, குழாய் 45 செ.மீ. இறங்க எத்தனை அடி பிடிக்கிறது என்று எண்ண வேண்டும். முதல் 15 செ.மீ. துளை போட்டதில் கலைந்த மண் என்பதால் கணக்கில் வராது. அடுத்த 30 செ.மீ.க்கு விழும் அடிகள்தான் மண்ணின் மதிப்பெண். ஒன்றரை மீட்டருக்கு ஒருமுறை இதைச் செய்துகொண்டே கீழே போவோம். 50 அடி வாங்கினால் நல்ல கெட்டி மண். பத்துக்குக் கீழே வந்தால் பொறியாளர் நின்று யோசித்தாக வேண்டும்.

மூன்றாவது மீட்டரில் மேஸ்திரி எண்ண ஆரம்பித்தார். "ஒண்ணு... ரெண்டு... மூணு..." அதோடு கையைக் காட்டி நிறுத்தினார். "அம்மா, மூணே அடி. எறங்கிடுச்சு." குழாயை மேலே எடுத்து நெடுக்காகப் பிரித்தோம். உள்ளே கன்னங்கரேலென்று களிமண். விரலால் அழுத்தினால் ரேகை பதிந்தது. நடுநடுவே அரிசிப் பருமனில் வெள்ளை நத்தை ஓடுகள். மேஸ்திரி ஒரு பிடியை மூக்கருகே கொண்டுபோனார். மதுராந்தகம் பக்கத்துக்காரர், ஏரித் தண்ணீரில் வளர்ந்தவர். "இது ஏரிம்மா" என்றார்.

அவர் சொன்னது சரி. நுங்கம்பாக்கத்திலிருந்து மாம்பலம் வழியாகத் தெற்கே நீண்டு கிடந்த பெரிய ஏரியை 1920-களில் வற்றவைத்து மனை போட்டதுதான் தியாகராய நகர். எஞ்சிய நுங்கம்பாக்கம் ஏரியும் பிற்பாடு தூர்ந்தது. 1976-ல் திறக்கப்பட்ட வள்ளுவர் கோட்டம் நிற்பது அதன் மேல்தான். லேக் ஏரியா, டேங்க் பண்ட் ரோடு என்று தெருப்பெயர்கள் இன்னும் அந்த ஏரியை ஞாபகம் வைத்திருக்கின்றன. ஓட்டு வீடும் ஒரு மாடி பங்களாவும் அந்த மண்ணுக்குப் பாரமில்லை. நூறு வருடம் அப்படியே ஓடியது. இப்போது பத்து மீட்டர் தோண்டி, அதற்கு மேல் எட்டு மாடி ஏற்றுகிறோம்.

முப்பத்து நான்கு வருடம் இந்த வேலை பார்த்திருக்கிறேன். அதில் கற்றதில் ஒன்றைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன். சென்னையின் காலடியில் என்ன இருக்கிறது என்பது தெரியாத விஷயமில்லை. எங்களைப் போன்றவர்கள் நகரம் முழுக்க ஆயிரக்கணக்கான துளைகள் போட்டுவிட்டோம். ஆனால் ஒவ்வொரு துளையின் கணக்கும் ஒவ்வொருவர் மேசை இழுப்பறையில் பூட்டிக் கிடக்கிறது. பக்கத்து வீட்டுக்காரருக்கு அது தெரிய வழியில்லை. அடுத்த மனையில் தோண்டப்போகிறவரும் அதைப் பார்க்க முடியாது. அனுமதி கொடுக்கும் அலுவலகத்தில் கோப்புக்குள் ஒரு பிரதி இருக்கும். அதைப் புரட்டிப் படித்தவரை நான் அதிகம் பார்த்ததில்லை.

அந்த ஏழு கிரவுண்டு மனைக்கே திரும்புகிறேன். அங்கே நடந்தது வேறு எங்கும் நடப்பதுதான்.

ஒரு ஏக்கர் பரப்புள்ள கட்டட மனைக்கு நான்கு மூலையிலும் நடுவிலும் ஆக ஐந்து துளைகள் போதும் என்று 1979-ன் இந்தியத் தர நெறி ஐ.எஸ். 1892 சொன்னது. ஏக்கருக்குப் பதினெட்டு கிரவுண்டு. ஏழு கிரவுண்டுக்கு மூன்று துளை போதாதா என்று மேலாளர் கேட்டார். சாதாரண மண்ணாக இருந்தால் நானும் சம்மதித்திருப்பேன். இது ஏரிப்படுகை. ஏரியின் ஆழம் எல்லா இடத்திலும் ஒன்றாக இருக்காது. ஒரு மூலையில் கரை இருந்திருக்கும், இன்னொரு மூலையில் மடு இருந்திருக்கும். கட்டடத்தின் ஒரு பக்கம் கெட்டி மண்ணிலும் மறுபக்கம் சேற்றிலும் உட்கார்ந்தால் அது ஒரே சீராக அமிழாது. சீராக ஓர் அங்குலம் அமிழ்வதைக் கட்டடம் தாங்கிக்கொள்ளும். ஒரு பக்கம் மட்டும் அமிழ்வதுதான் தூணை முறிக்கும். எனவே ஐந்து கேட்டேன். மூன்று முடிந்ததும், சமையலறையை இடிக்கவும் மாமரத்தை வெட்டவும் நாளாகும் என்றார்கள். பிறகு மேலாளர் பக்கத்தில் வந்து, குரலைத் தாழ்த்தி, "மேடம், மத்த ரெண்டும் இதே மாதிரிதானே இருக்கும்? அஞ்சுன்னே எழுதிடுங்களேன்" என்றார்.

எழுதவில்லை. மூன்று துளை என்றே அறிக்கை கொடுத்தேன். பின்பக்கம் தோண்டும் முன் இன்னும் இரண்டு துளை அவசியம் என்று முதல் பக்கத்திலேயே தடித்த எழுத்தில் போட்டேன். பாதி ஊதியம் வரவே இல்லை. சில மாதம் கழித்து, ஐந்து துளைகளோடு இன்னொருவர் முத்திரை குத்திய அறிக்கை ஒன்று அனுமதிக்குப் போனதாகக் கேள்விப்பட்டேன். மாமரம் அப்போதும் அங்கேயே நின்றது.

இன்னொரு விஷயமும் அந்த அறிக்கையில் எழுதியிருந்தேன். மே மாதத்தில் தண்ணீர் ஐந்தரை மீட்டரில் தட்டியது. சென்னையில் மே மாதத்துத் தண்ணீர் மட்டத்தை நம்பிக் கட்டடம் வடிவமைப்பது தப்பு. ஐப்பசி, கார்த்திகையில் அதே இடத்தில் தண்ணீர் தரைக்கு ஒரு மீட்டர் அருகில் வந்துவிடும். நீரளவுக் குழாய் ஒன்றை நட்டு டிசம்பர் வரை வாரம் ஒருமுறை பார்க்கலாம் என்று கேட்டேன். அதற்கெல்லாம் நேரமில்லை என்று பதில் வந்தது. கணக்கு எளிது. பத்து மீட்டர் ஆழ பேஸ்மென்ட்டின் அடித்தளத்துக்கு மேல் எத்தனை மீட்டர் தண்ணீர் நிற்கிறதோ, சதுர மீட்டருக்கு அத்தனை டன் அது மேல்நோக்கி அழுத்தும். மே மாதக் கணக்குப்படி நாலரை டன். கார்த்திகையில் தண்ணீர் 1.2 மீட்டருக்கு ஏறினால் 8.8 டன். ஏறக்குறைய இரண்டு மடங்கு. மேலே மாடிகள் ஏறுவதற்குள் அந்த மழை வந்துவிட்டால், காலியான பேஸ்மென்ட் படகு போல மேலே எழும்பப் பார்க்கும். தளம் நடுவில் புடைத்து விரிசல் விடும். எந்தப் பொறியியல் மாணவரும் போடக்கூடிய கணக்கு இது. ஆனால் துளை போட்ட மாதம் எது என்று அறிக்கையில் யாரும் பார்ப்பதில்லை.

அடுத்த ஆண்டு அங்கே தோண்டினார்கள். மழை வந்தது. பள்ளத்தில் தண்ணீர் ஊற ஊற, நான்கு மோட்டார்கள் இரவும் பகலும் இறைத்துத் தெருச் சாக்கடையில் விட்டன. பக்கத்து மனையில் ஓர் ஓய்வுபெற்ற ஆசிரியை தனியாக இருந்தார். அறுபது வருடத்து வீடு. யாரோ என் எண்ணைக் கொடுத்து, என்னைக் கூப்பிட்டார். போனேன்.

கூடத்துச் சுவருக்கும் ஜன்னல் நிலைக்கும் நடுவே விரிசல். முதல் வாரம் அதில் ஒரு ரூபாய் நாணயம் நுழைந்ததாம். நான் போன அன்று என் ஆள்காட்டி விரல் நுழைந்தது. பூஜை அறைக் கதவு மூட மறுத்தது. தரையில் சிவப்பு ஆக்சைடு பூச்சு, அந்தக் காலத்து வேலை, எண்ணெய் தடவித் துடைத்துப் பளபளப்பாக வைத்திருந்தார். அது குறுக்கே வெடித்திருந்தது. அவர் கோபப்படவில்லை. என்னைத் தாழ்வாரத்தில் உட்கார வைத்து மோர் கொடுத்துவிட்டு, ஒன்றே ஒன்று கேட்டார். "இங்க மண்ணு இப்படித்தான்னு முன்னாடியே தெரியுமாம்மா?"

தெரியும். மூன்று அடியில் குழாய் இறங்கிய களிமண், அதன் ஈரம், அதன் கனம், எல்லாம் என் குறிப்பேட்டில் இருந்தன. களிமண்ணிலிருந்து தண்ணீரை எடுத்தால் அது பிழிந்த துணி போலச் சுருங்கும், மேலே இருப்பது கூடவே இறங்கும் என்பதை மண் பொறியியலின் தந்தை என்று சொல்லப்படும் கார்ல் டெர்சாகி 1925-லேயே புத்தகமாக எழுதிவிட்டார். பள்ளத்தில் இறைக்கும் தண்ணீர் பள்ளத்தின் வேலியோடு நிற்காது. பக்கத்து வீட்டுக்கு அடியிலிருந்தும் சேர்ந்துதான் வரும். எல்லாம் தெரியும். அந்த அறிக்கை பணம் கொடுத்தவருக்குச் சொந்தம் என்பதால் அதை அந்த அம்மாவிடம் காட்ட எனக்கு உரிமை இல்லை. அவருடைய வீட்டுக்கு அடியில் இருந்த மண்ணைப் பற்றிய செய்தி, அவருக்குக் கிடைக்காது.

அன்று மோரைக் குடித்து முடிக்க முடியவில்லை.

பக்கத்து மனையையும் சேர்த்துப் பார்ப்பதுதான் ஆபத்து மதிப்பீடு. இதில் நமக்கு உதாரணங்களுக்குப் பஞ்சமில்லை. 2023 டிசம்பர் 4, மிக்ஜாம் புயல் மழை. வேளச்சேரி ஐந்து பர்லாங் சாலையில் கட்டடத்துக்காகத் தோண்டிய ஆழமான பள்ளத்தின் கரை சரிந்தது. பக்கத்து எரிபொருள் நிலையத்தை ஒட்டிய தரை உள்ளே போனது. இரண்டு பேர் சேற்றுக்குள் அமிழ்ந்து இறந்தார்கள். தண்ணீரை இறைத்து உடல்களை எடுக்க நான்கு நாள் ஆயிற்று. வேளச்சேரியின் ஏரியும் பள்ளிக்கரணைச் சதுப்பும் அங்கிருந்து எவ்வளவு தூரம் என்று சென்னைக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. டிசம்பர் மாதத்தில் அந்தப் பகுதியில் திறந்து கிடக்கும் ஆழமான பள்ளம் என்பது தேதி குறிக்காத விபத்து.

2017 ஏப்ரல் 9, ஒரு ஞாயிற்றுக்கிழமை. அண்ணா சாலையில் மெட்ரோ சுரங்கம் தோண்டிய இடத்துக்கு மேலே தரை உள்வாங்கி, மாநகரப் பேருந்து ஒன்றும் கார் ஒன்றும் குழியில் இறங்கின. உயிர்ச்சேதம் இல்லை. வார நாளாக இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று அன்று எல்லோருமே கேட்டுக்கொண்டார்கள்.

ஷாங்காயில் 2009 ஜூன் 27 அன்று பதின்மூன்று மாடிக் கட்டடம் ஒன்று அப்படியே முழுசாக, ஜன்னல் கண்ணாடி சிலவற்றைக்கூட உடைத்துக்கொள்ளாமல், பக்கவாட்டில் படுத்தது. ஒரு பக்கம் நிலத்தடி கார் நிறுத்தத்துக்காக நாலரை மீட்டருக்குச் சற்று அதிகமாகத் தோண்டியிருந்தார்கள். தோண்டிய மண்ணை மறுபக்கம் பத்து மீட்டர் உயரத்துக்குக் குவித்திருந்தார்கள். குவித்த மண் தள்ளியது, தோண்டிய பக்கம் தாங்க ஆளில்லை, அடியில் இருந்த பைல்கள், அதாவது ஆழமான அஸ்திவாரத் தூண்கள், முறிந்தன. ஒரு தொழிலாளி இறந்தார். கட்டடத்தின் கான்கிரீட்டைக் குறை சொல்ல ஒன்றும் இல்லை. எங்கள் நகரத்து மனைகளில் தோண்டிய மண்ணைப் பள்ளத்தின் விளிம்பிலேயே மலையாகக் குவித்து, அதன் மேல் ஜேசிபி நிற்பதைப் பார்க்கும்போதெல்லாம் அந்தப் படம் என் கண்முன் வரும்.

சிங்கப்பூரில் 2004 ஏப்ரல் 20 அன்று நிக்கல் நெடுஞ்சாலைப் பள்ளம் சரிந்து நால்வர் இறந்தனர். கடல் களிமண்ணில் முப்பது மீட்டருக்கும் ஆழமான தோண்டல். பக்கச் சுவரைத் தாங்கிய இரும்புச் சட்டங்களின் இணைப்பு வளைந்துகொடுத்தது. அளவீட்டுக் கருவிகள் சுவர் நகர்வதை முன்கூட்டியே காட்டிக்கொண்டிருந்தன என்பதுதான் விசாரணையில் வெளிவந்தவற்றிலேயே மனத்தைப் பிசைவது. கருவி இருந்தது, எண் வந்தது, வேலை நிற்கவில்லை.

பணக்கார நாட்டில், பெரிய பொறியாளர்கள் இருக்கும் இடத்தில் இதெல்லாம் நடக்காது என்று சொல்பவர்களுக்கு சான் பிரான்சிஸ்கோவின் மில்லேனியம் கோபுரத்தைச் சொல்வேன். 58 மாடி, 2009-ல் குடியேறினார்கள். பைல்கள் பாறை வரை போகவில்லை, மணலோடு நின்றன. 2016-ல் அது பதினாறு அங்குலம் அமிழ்ந்து ஒரு பக்கம் சாய்ந்திருப்பது ஊருக்குத் தெரிந்தது. பக்கத்தில் பேருந்து முனையத்துக்காகத் தோண்டி நீர் இறைத்ததுதான் காரணம் என்று கோபுரத்தைக் கட்டியவர்களும், உங்கள் அஸ்திவாரம்தான் காரணம் என்று முனையத்தைக் கட்டியவர்களும் வழக்காடினார்கள். கடைசியில் பாறை வரை பதினெட்டு புதுப் பைல்கள் இறக்கி 2023-ல் தாங்கிப் பிடித்தார்கள். அஸ்திவாரத்தைப் பின்னால் போய்ச் சரிசெய்வது, குடியிருக்கும் ஆளின் முதுகெலும்பில் அறுவைச் சிகிச்சை செய்வது போன்றது.

சென்னையில் பாறை எங்கே இருக்கிறது? இதைக் கேட்காத பில்டர் இல்லை. கிண்டிப் பக்கம் சில மீட்டரிலேயே தட்டும். கடற்கரையை நோக்கிப் போகப் போக மணலும் வண்டலும் களியும் மாறி மாறி வந்து, பாறை கீழே கீழே போகும். நம்முடையது சார்னோக்கைட் பாறை. கல்கத்தாவில் ஜாப் சார்னாக்கின் கல்லறை மேல் இருக்கும் கல் பல்லாவரத்திலிருந்து போனது. நிலவியலாளர் தாமஸ் ஹாலண்ட் அந்தக் கல்லை வைத்துத்தான் இந்தப் பாறை வகைக்கு அந்தப் பெயரைச் சூட்டினார். உலகம் முழுக்க நிலவியல் மாணவர்கள் படிக்கும் ஒரு பாறைக்கு நம் பல்லாவரம் மலைதான் தாய்வீடு. பரங்கிமலை அடிவாரத்தில் அதற்கு ஒரு தேசிய நிலவியல் நினைவுச் சின்னமே இருக்கிறது. போய்ப் பாருங்கள். கெட்டியான பாறைதான். ஆனால் தரைக்குக் கீழே அதன் மேற்பரப்பு மேசை போலச் சமமாக இல்லை. ஒரு துளையில் பன்னிரண்டு மீட்டரில் வரும். இருபது அடி தள்ளி அடுத்த துளையில் பதினெட்டுக்கும் வராது. நடுவே மக்கிப்போன பாறை, கையால் உதிர்க்கலாம். மெட்ரோ முதல் கட்டத்தில் சுரங்க இயந்திரங்கள் பாதி முகம் பாறையிலும் பாதி முகம் மண்ணிலும் மாட்டிக்கொண்டு பட்ட பாடு இதனால்தான். மூன்று துளைக்கு நடுவில் என்ன இருக்கிறது என்பதை ஊகிக்கத்தான் முடியும். அந்த ஊகத்தைக் குறைக்க ஒரே வழி, பக்கத்து மனைக்காரர் ஏற்கெனவே போட்ட துளைகளைப் பார்ப்பது. அதைத்தான் பார்க்க முடிவதில்லை.

நிலநடுக்கத்தைப் பற்றிப் பேசினால் பயமுறுத்துகிறேன் என்பார்கள். 2001 செப்டம்பர் 25 இரவு புதுச்சேரிக்கு அப்பால் கடலில் ஏற்பட்ட 5.5 அளவு நடுக்கத்தைச் சென்னையில் பலரும் உணர்ந்தோம். நான் வீட்டு மாடியில் துணி மடித்துக்கொண்டிருந்தேன். தண்ணீர்த் தொட்டி சலசலத்தது. மறுவருடம் திருத்தப்பட்ட தர நெறியில் சென்னை இரண்டாம் மண்டலத்திலிருந்து மூன்றுக்கு ஏறியது. மிதமான ஆபத்துதான். ஆனால் நடுக்கத்தைப் பெரிதாக்குவது மண். மெக்சிகோ நகரம் பழைய ஏரிப்படுகை. 1985-ல் முந்நூற்றைம்பது கிலோமீட்டருக்கு அப்பால் நடந்த நிலநடுக்கம் அந்தக் களிமண்ணில் பெருகி நூற்றுக்கணக்கான கட்டடங்களைச் சாய்த்தது. 2001 ஜனவரி 26 அன்று பூஜ் நடுக்கத்தில், மையத்திலிருந்து இருநூறு கிலோமீட்டருக்கும் மேல் தள்ளி இருந்த அகமதாபாதில் அடுக்குமாடிகள் விழுந்தன. தரைத்தளத்தைக் கார் நிறுத்தத்துக்காகச் சுவரில்லாமல் விட்டவை அவற்றில் பல. தியாகராய நகர் ஏரிக்களிமண் என்பதை இதோடு சேர்த்துப் படிக்க வேண்டும். கடற்கரையோர ஈர மணலில் வேறு பிரச்சினை. தளர்ந்த மணல் குலுங்கினால் சற்று நேரம் திரவம் போல ஆகிவிடும், மேலே இருப்பது சாயும். எந்தத் தெருவில் எந்த ஆபத்து என்பதைச் சொல்லும் அடிப்படைச் செய்தி அந்தச் சுத்தி அடிக் கணக்கில்தான் இருக்கிறது.

இப்போது என் கோரிக்கைக்கு வருகிறேன். வணிகக் கட்டடத்துக்குத் திட்ட அனுமதி கேட்பவர்கள், தாங்கள் போட்ட துளை ஒவ்வொன்றின் பதிவையும் பொது ஆவணமாக ஒப்படைக்க வேண்டும். எந்த இடத்தில், எந்தத் தேதியில், எத்தனை ஆழம், ஒவ்வொரு ஒன்றரை மீட்டரிலும் என்ன மண், எத்தனை அடி, தண்ணீர் எங்கே தட்டியது. இரண்டு பக்கம் வரும். அதை யார் வேண்டுமானாலும் வரைபடத்தில் தொட்டுப் பார்க்க வழி செய்ய வேண்டும்.

நடக்காத காரியம் இல்லை. பிரிட்டிஷ் நிலவியல் ஆய்வு நிறுவனத்திடம் பத்து லட்சத்துக்கும் மேலான துளைப் பதிவுகள் இருக்கின்றன. பெரும்பாலானவற்றை இணையத்தில் இலவசமாகப் பார்க்கலாம். கனிமம் தேடி நூறு அடிக்கு மேல் துளையிடுவோர் விவரம் தர வேண்டும் என்று அங்கே 1926-லேயே சட்டம் வந்துவிட்டது. ஹாங்காங்கில் 1972 ஜூன் 18, ஒரே நாளில் இரண்டு இடங்களில் மண் சரிந்து சாவ் மாவ் பிங்கில் 71 பேரும் போ ஷான் சாலையில் 67 பேரும் இறந்தார்கள். 1976-ல் சாவ் மாவ் பிங்கில் மறுபடி சரிந்தது. 1977-ல் மண் பொறியியலுக்கென்றே தனி அரசு அலுவலகம் தொடங்கினார்கள். அங்கே தனியார் கட்டடப் பள்ளத்தின் வரைபடத்தையும் அந்த அலுவலகம் சரிபார்க்கும். நகரத்தின் துளைப் பதிவுகளை நூலகத்தில் உட்கார்ந்து எந்தப் பொறியாளரும் பார்க்கலாம். செங்குத்தான மலைச்சரிவில் அவ்வளவு அடர்ந்த நகரம் நிற்பதற்கு அந்த நூலகமும் ஒரு காரணம் என்பது என் எண்ணம்.

"நான் காசு போட்டு எடுத்த அறிக்கையை எதிராளிக்கு ஏன் கொடுக்க வேண்டும்?" என்று பில்டர்கள் கேட்பார்கள். கேட்டிருக்கிறார்கள். நியாயமான கேள்விதான், பதில் சொல்கிறேன். நீங்கள் கொடுப்பது ஐந்து துளை. உங்களுக்குக் கிடைப்பது தெரு முழுக்க இருக்கும் துளைகள். மனை வாங்கும் முன்பே, அட்வான்ஸ் கொடுக்கும் முன்பே, அடியில் ஏரியா பாறையா என்று பார்த்துக்கொள்ளலாம். இன்று விலை பேசி, வரைபடம் போட்டு, வங்கிக் கடன் வாங்கி, பூமி பூஜையும் முடித்த பிறகுதான் எங்களைக் கூப்பிடுகிறீர்கள். அப்போது நான் மூன்று பேஸ்மென்ட் வேண்டாம், ஒன்று போதும் என்று சொன்னால் யார் கேட்பார்கள்? மொத்தச் செலவில் ஒரு சதவீதம்கூட வராத பரிசோதனையைக் கடைசியில் வைப்பதால்தான் அதன் முடிவை ஏற்க மனம் வருவதில்லை.

போலித் துளைக்கும் இதுதான் மருந்து. பதிவு பொதுவில் இருந்தால், மாமரம் நிற்கும் இடத்தில் துளை போட்டதாக யாரும் எழுத முடியாது. அடுத்த மனையில் உண்மையாகப் போட்ட துளை அதைக் காட்டிக்கொடுத்துவிடும். 2019-ல் வந்த தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகளில் பதிவுபெற்ற மண் பொறியாளருக்கு இடம் கொடுத்திருக்கிறார்கள். நல்ல மாற்றம். அவர் கையெழுத்தோடு துளையின் இருப்பிடமும் தேதியும் எடுத்த படமும் மாதிரிப் பெட்டியின் படமும் சேர வேண்டும். மெட்ரோ இரண்டாம் கட்டம் 118.9 கிலோமீட்டர். அந்தப் பாதை நெடுக அரசுப் பணத்தில் போட்ட துளைகள் இருக்கின்றன. முதலில் அவற்றை வெளியிடலாம். அதற்கு எந்தத் தனியார் சம்மதமும் தேவையில்லை.

இன்னும் இரண்டு சொல்ல வேண்டும். ஐப்பசி பிறந்த பிறகு களிமண், மணல் பகுதிகளில் ஆழமான பள்ளம் புதிதாகத் தோண்ட அனுமதிக்கக் கூடாது. தோண்டி முடிக்காத பள்ளம் இருந்தால் பக்கச் சுவர் தாங்குமா என்று மழைக்கு முன் சுதந்திரமான பொறியாளர் ஒருவர் பார்த்துக் கையெழுத்திட வேண்டும். தோண்டும் முன் பக்கத்து வீடுகளின் சுவர், தரை, நிலை எல்லாவற்றையும் படம் எடுத்து, அந்த வீட்டுக்காரரிடமும் ஒரு பிரதி கொடுக்க வேண்டும். அந்த ஆசிரியையிடம் அப்படி ஒரு படம் இருந்திருந்தால், விரிசல் ஏற்கெனவே இருந்தது என்று சொல்லி அவரை அனுப்பியிருக்க முடியாது. பூச்சு வேலைக்கான சொற்பத் தொகையோடு அவர் வீட்டை விற்றுவிட்டு மகள் வீட்டுக்குப் போனார். அந்த மனையிலும் இப்போது பள்ளம் தோண்டிவிட்டார்கள்.

என்னிடம் நாற்பத்தொரு குறிப்பேடுகள் இருக்கின்றன. நீல அட்டை, ஓரங்களில் சேற்றுக்கறை. மேஸ்திரி எண்ணியதை அங்கேயே நின்று எழுதியது. கடந்த ஒரு வருடமாகப் பழைய வாடிக்கையாளர்களுக்குக் கடிதம் எழுதிச் சம்மதம் கேட்டேன். இருபத்தாறு மனைகளின் உரிமையாளர்கள் தாராளமாகக் கொடுங்கள் என்று எழுத்தில் கொடுத்திருக்கிறார்கள். ஜார்ஜ் டவுனில் நான்கு, புரசைவாக்கத்தில் மூன்று, மற்றவை தியாகராய நகர், மயிலாப்பூர், அண்ணா சாலை. மொத்தம் 94 துளைகள். சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமமோ மாநகராட்சியோ அண்ணா பல்கலைக்கழகமோ, பொதுமக்கள் பார்க்கும்படி வைக்கிறோம் என்று எழுதிக் கொடுத்தால், அந்த 94 துளைகளின் கணக்கையும் நானே கொண்டுவந்து தருகிறேன்.